பார்ப்பது வெளியே, தொடுவது உள்ளே!

காலை எட்டரை மணிக்கு தாம்பரம் ஸ்டேஷனில் நின்று கொஞ்ச நேரம் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். படிக்கட்டில் ஓடிக்கொண்டே ஒவ்வொருவரும் ஒரு தடவை தலையைத் தூக்குவார்கள். பீச் வண்டி எந்த பிளாட்பாரம், எத்தனை மணிக்கு என்று பலகையில் இருக்கும். அரை விநாடி பார்வை, அவ்வளவுதான். ஓடுகிற கால் நிற்பதே இல்லை.

அந்தப் பலகையை ஒரு அலமாரிக்குள் வைத்து, "தகவல் உள்ளே உள்ளது, கதவைத் திறந்து பார்த்துக்கொள்ளவும்" என்று ஒட்டி வைத்தால் எப்படி இருக்கும்? ஸ்டேஷன் பார்க்க ரொம்ப நீட்டாக இருக்கும். வண்டி மட்டும் போய்விடும்!

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நடப்பது கிட்டத்தட்ட இதுதான். பேட்டரி, வைஃபை, சத்தம் என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கின்றனவே, அந்த மூலை. ஆங்கிலத்தில் சிஸ்டம் ஸ்டேட்டஸ் மெனு என்பார்கள். மென்பொருள் வடிவமைப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கலைத்து அடுக்குகிற இடம் அது. இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு நாளில் மிக அதிக முறை கண் போகிற இடங்களில் ஒன்று அந்த மூலை. அங்கே செய்கிற சின்னத் தவறும் தினமும் பெருக்கிக்கொண்டே போகும்.

ஒரு குட்டி வரலாறு

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது திரையின் அடியில் டாஸ்க்பார் வந்தது. அதன் வலது மூலையில் ஒரு கடிகாரம், பக்கத்தில் ஸ்பீக்கர் படம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்த மென்பொருள் வேண்டுமானாலும் அங்கே தன் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்று கதவு திறந்து விடப்பட்டது. பிறகு கேட்க வேண்டுமா? ஆன்டிவைரஸ், பிரிண்டர், மெசஞ்சர், டவுன்லோட் மேனேஜர் என்று எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதிய சுவர் மாதிரி ஆகிவிட்டது அந்த மூலை. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, பயன்படாத படங்களை ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

லினக்ஸ் பக்கம் க்னோம் என்ற டெஸ்க்டாப்பின் கதை இன்னும் சுவாரசியமானது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. மேல் பட்டையின் வலது பக்கம் சத்தத்துக்கு ஒரு படம், நெட்வொர்க்குக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, கடைசியில் பயனரின் பெயர். ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் அதற்கென்று ஒரு தனி மெனு.

2013 செப்டம்பரில் வந்த க்னோம் 3.10-ல் இவை எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டன. படங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் எதைத் தொட்டாலும் ஒரே மெனுதான் திறக்கும். சத்தம், திரை வெளிச்சம், வைஃபை, ஷட்டவுன் எல்லாம் அதற்குள். அதே மாதத்தில்தான் ஆப்பிளின் ஐஓஎஸ் 7 வந்து, ஐஃபோனில் கன்ட்ரோல் சென்டர் என்ற ஒரே பலகையைக் கொடுத்தது. 2020 நவம்பரில் மேக் கம்ப்யூட்டருக்கும் அது வந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 நெட்வொர்க், சத்தம், பேட்டரி மூன்றையும் ஒரே பட்டனாக்கியது. 2022 செப்டம்பரில் க்னோம் 43, அந்த மெனுவை மாத்திரை வடிவப் பட்டன்கள் கொண்ட குவிக் செட்டிங்ஸ் ஆக மாற்றியது.

ஆக, எல்லோரும் ஒரே ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். போனில் வந்த யோசனை டெஸ்க்டாப்புக்கும் பரவிவிட்டது.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றால் அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து, 2005-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின என்பது அவ்வளவாகத் தெரியாது. சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், 2007-ல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பதிப்புகளின் முகம் க்னோம்தான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். வீட்டில் அதற்கு முன் கம்ப்யூட்டரே இல்லாத எத்தனையோ பிள்ளைகளின் கைக்கு முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் வந்தது. எனவே அந்த மூலை எப்படி இருக்க வேண்டும் என்பது எங்கோ வெளிநாட்டில் யாரோ பேசிக்கொள்கிற விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஒன்றாகக் கட்டியது தப்பா?

தப்பு என்று சொல்லிவிட முடியாது. நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, குறி வைப்பது. 1954-ல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் ஒரு விதியைச் சொன்னார். தொட வேண்டிய பொருள் பெரிதாகவும் கிட்டேயும் இருந்தால் சீக்கிரம் தொடலாம், சின்னதாகவும் தூரத்திலும் இருந்தால் நேரமாகும். மூன்று சின்னப் படங்களை விட, மூலையில் ஒரு பெரிய பட்டன் சுலபம். மவுஸை மூலைக்குத் தள்ளினால் அது திரையைத் தாண்டிப் போக முடியாதே! டச் பேட் தேய்ந்துபோன பழைய லேப்டாப்பில் இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, கற்றுக்கொடுப்பது. அப்பாவுக்கோ அத்தைக்கோ போனில் சொல்லிக்கொடுக்கும்போது, "வலது பக்கம் மேலே ஒரு பட்டன் இருக்கும் பாருங்க, எல்லாமே அதுக்குள்ளதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்.

மூன்றாவது, விண்டோஸ் 95 காலத்துச் சுவர் விளம்பரம் திரும்பி வராமல் தடுப்பது. 2017-ல் க்னோம் 3.26 வந்தபோது, வெளி மென்பொருள்கள் படம் வைக்கிற பழைய தட்டையே எடுத்துவிட்டார்கள். உபுண்டு ஒரு எக்ஸ்டென்ஷன் மூலம் அதைத் தன் பயனர்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் சரி. ஆனாலும் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு. சென்னைத் தெற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் கோயம்பேட்டிலிருந்து படிப்படியாக அங்கே மாறின. முனையம் பெரியது, சுத்தமானது. கோயம்பேட்டு நெரிசலும் குறைந்தது. ஆனால் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. வடசென்னையிலிருந்து பெட்டியும் குழந்தையுமாக வருகிறவர், அதுவரை தேவைப்படாத இன்னொரு பயணத்தைச் செய்ய வேண்டியிருந்தது. ஒழுங்கு நகரத்துக்குக் கிடைத்தது, அலைச்சல் பயணிக்குக் கிடைத்தது. ஒன்றாகச் சேர்க்கிற எந்தத் திட்டத்திலும் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தக் கூடுதல் அடியை யார் வைக்கப் போகிறார்கள்?

எங்கே தவறு நடந்தது?

வணிகவியலில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற ஒரு சங்கதி உண்டு. வவுச்சர், ஜர்னல், லெட்ஜர் என்று ஆயிரம் பதிவுகள் இருக்கலாம். அவை உள்ளே இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கலாம். ஆனால் வியாபாரம் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்ட ஒரு பேலன்ஸ் ஷீட் வேண்டும். லெட்ஜரைப் பீரோவில் வைக்கலாம். பேலன்ஸ் ஷீட்டையும் சேர்த்துப் பூட்டினால் முதலாளிக்குக் குருட்டு வியாபாரம்தான்.

திரையின் மூலைக்கும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, நிலைமையைச் சொல்வது. பேட்டரி எவ்வளவு, நெட் இருக்கிறதா, எந்த மொழியில் டைப் ஆகிறது என்பவை. இன்னொன்று, மாற்றுவது. சத்தத்தைக் குறை, வைஃபையை அணை, ஷட்டவுன் செய் என்பவை. முதலாவதற்குக் கண் போதும், இரண்டாவதற்குத்தான் கை வேண்டும். மறுவடிவமைப்பு என்ற பெயரில் கைக்கான வேலைகளை ஒரே மெனுவில் போட்டது நல்ல காரியம். அதோடு சேர்த்துக் கண்ணுக்கான தகவலையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளியதுதான் கோளாறு.

மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

1. பேட்டரி

க்னோமில் பேட்டரி எத்தனை சதவீதம் என்ற எண், நாமாகப் போய் செட்டிங்ஸில் ஆன் செய்தால்தான் மேல் பட்டையில் வரும். இல்லாவிட்டால் மெனுவைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வெளியே ஒரு குட்டிப் படம் மட்டும்.

மின்சாரம் போகாத ஊரில் இது போதும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருந்தவர்களையோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களையோ கேட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் 38-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் பெரியது. போனுக்குச் சார்ஜ் ஏற்றலாமா, அல்லது லேப்டாப்பை அணைத்து மிச்சம் பிடிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வெள்ளம் வரை கூடப் போக வேண்டாம். நாலைந்து வருடம் உழைத்துக் களைத்த பேட்டரி பாதியில் இருந்து திடீரென்று பத்துக்கு விழும். படத்தைப் பார்த்தால் அது தெரியாது, எண்ணைப் பார்த்தால் உடனே தெரியும்.

எண்ணைக் காட்டினால் வீண் பதற்றம் என்று எதிர்வாதம் உண்டு. அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்கு வழி சுலபம். சார்ஜர் செருகியிருக்கும்போது எண் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கியவுடன் எண் தானாக வரட்டும். ஆப்பிளே 2017-ல் ஐஃபோன் 10-ல் அந்த எண்ணை மேலிருந்து எடுத்துவிட்டு, ஐந்து வருடம் கழித்து 2022-ல் ஐஓஎஸ் 16-ல் திருப்பிக் கொண்டுவந்தது. அதே 2022-ல்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஐஃபோன் 14 தயாராக ஆரம்பித்தது. உலகத்தின் பெரிய கம்பெனியே திரும்பி வந்த வழியில் மற்றவர்களும் திரும்பி வரலாம், வெட்கம் ஒன்றும் இல்லை!

2. நெட்

விசிறி மாதிரி இருக்கும் வைஃபை படம் சிக்னல் எவ்வளவு என்று சொல்லும். யாருடைய காசு ஓடுகிறது என்று பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அது சொல்வதில்லை.

வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் அன்றைய டேட்டாவை வைத்து லேப்டாப் ஓட்டுகிற மாணவருக்கு இதுதான் பிரச்சினை. ஹாஸ்டல் வைஃபையில் இருப்பதாக நினைத்து ஒரு பெரிய வீடியோவை இறக்குவார். பாதியில் பார்த்தால் போன் ஹாட்ஸ்பாட்! இரவு பத்து மணிக்குத் தேர்வு விண்ணப்பம் அனுப்ப டேட்டா இருக்காது.

வேடிக்கை என்னவென்றால் இந்த விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு இணைப்பை அளவுக்குட்பட்டது என்று குறித்து வைக்கும் வசதி விண்டோஸில் 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதலே இருக்கிறது. லினக்ஸிலும் உண்டு. அப்படிக் குறித்தால் தானாக அப்டேட் இறக்குவதைக் கூட அது நிறுத்தி வைக்கும். ஆக, தனக்குத் தெரிந்ததை வைத்து அது நடந்துகொள்கிறது, ஆனால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதில்லை. விசிறிப் படத்தின் ஓரத்தில் ஒரு ரூபாய் அடையாளம் போட்டால் போதுமே.

3. மொழி

இந்த மூன்றாவதுதான் தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு முக்கியமானது. இங்கே வடிவமைப்பாளர்களைப் பாராட்டவும் வேண்டும்.

2013-ல் எல்லாவற்றையும் ஒரே மெனுவில் கட்டியபோதும், க்னோம் ஒன்றைத் தனியாக வெளியே விட்டது. அது விசைப்பலகை மொழி அடையாளம். ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகை வைத்திருந்தால் மட்டும் அது மேல் பட்டையில் தோன்றும். விண்டோஸ் 11-லும் அது தனியாகவே நிற்கிறது. ஏன்? எந்த மொழி என்று தெரியாமல் ஒரு எழுத்துக் கூட டைப் செய்ய முடியாது. சென்னையில் 1999-ல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் வலது கைப் பக்கம். அது ஆனில் இருக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு கம்பெனி பெயரை அடித்தால் வருவது எந்த மொழியிலும் சேராது!

அதாவது, "பார்க்க வேண்டியது வெளியே இருக்க வேண்டும்" என்ற கொள்கை வடிவமைப்பாளர்களுக்கும் தெரிந்தே இருக்கிறது. மொழிக்குச் செய்ததைப் பேட்டரிக்கும் நெட்டுக்கும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மொழியிலும் ஒரு குறை உண்டு. தமிழ் விசைப்பலகைக்கு க்னோம் காட்டுவது 'டி, ஏ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை. தமிழ் 99-ம் வேறொரு தமிழ் விசைப்பலகையும் சேர்த்து வைத்திருந்தால், அதே இரண்டு எழுத்துகளின் அடியில் பொடியாக 1, 2 என்று எண் வரும். எது 1, எது 2 என்று நினைவில் வைத்துக்கொள்வது பயனரின் தலையெழுத்து. அதற்குப் பதிலாக 'த' என்று ஒரு எழுத்து போட்டால் என்ன? ஆங்கில எழுத்துக்கும் 'த'வுக்கும் உள்ள வித்தியாசம் ஓரக்கண்ணில் தெரியும். இரண்டாவதாக ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருந்தால் அதற்கு 'ஒ' என்று போடலாம்.

மெனுவுக்கு உள்ளேயும் ஒரு மொழிப் பிரச்சினை இருக்கிறது. க்னோம் 43-ல் வந்த மாத்திரைப் பட்டன்கள் இரண்டு வரிசையாக, குறிப்பிட்ட அகலத்தில் இருக்கும். பெயர் நீளமாக இருந்தால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய சட்டை அது. தமிழ்ச் சொல்லுக்குத் தோள் பிடிக்கும். 2023 மார்ச்சில் வந்த க்னோம் 44-ல் பட்டனுக்குள் தலைப்பும் அதன் கீழே நிலைமையும் என்று இரண்டு வரி கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம். இரண்டாவது வரி வந்ததே, தலைப்பு நீண்டால் அதை இரண்டு வரியாக மடிக்கவும் அனுமதித்திருக்கலாம்.

கை கட்டிச் சோதனை

குறை சொல்வது சுலபம், மாற்று என்ன என்று கேட்பார்கள். மாற்றைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, செலவே இல்லாதது.

ஒரு லேப்டாப்பின் முன்னால் ஒருவரை உட்கார வையுங்கள். கையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். எதையும் தொடக் கூடாது. பிறகு நாலு கேள்வி கேளுங்கள். பேட்டரி எவ்வளவு? சார்ஜ் ஏறுகிறதா? நெட் எங்கிருந்து வருகிறது? இப்போது டைப் செய்தால் எந்த மொழி வரும்? பதில் சொல்ல எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். கையை அவிழ்க்காமல் பதில் சொல்ல முடியாத ஒவ்வொரு கேள்வியும், உள்ளே ஒளிந்துவிட்ட ஒரு தகவல்.

எல்லாத் தகவலையும் வெளியே கொட்டுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அப்படிச் செய்தால் மறுபடியும் 1995 சுவர்தான். தெரியாவிட்டால் நஷ்டம் வரக்கூடியது மட்டும் வெளியே வரட்டும், அதுவும் நஷ்டம் வரக்கூடிய நேரத்தில் மட்டும். சார்ஜர் இல்லாதபோது எண், அளவான இணைப்பில் ரூபாய் அடையாளம், இரண்டு மொழி இருக்கும்போது எழுத்து. மற்ற நாளெல்லாம் மூலை சுத்தமாகவே இருக்கும்.

விண்டோஸையும் மேக்கையும் மாற்றச் சொல்லி இங்கிருந்து கடிதம்தான் போட முடியும். க்னோம் அப்படி இல்லை. அதன் நிரல் திறந்து கிடக்கிறது, வடிவமைப்பு விவாதங்களும் வெளிப்படையாகவே நடக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆதாரத்தோடு பேசலாம். கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு தேசிய மையம் இயங்கிய குரோம்பேட்டையும், 1937-ல் இடம் பெயர்ந்து வந்த கிறித்தவக் கல்லூரி உள்ள தாம்பரமும், நடுவிலும் சுற்றிலும் எத்தனையோ கல்லூரிகளும் இருக்கிற பகுதி இது. பழைய பேட்டரி, போன் ஹாட்ஸ்பாட், இரண்டு மொழி விசைப்பலகை மூன்றும் ஒரே லேப்டாப்பில் இருக்கிற மாணவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. இருபது பேரை உட்கார வைத்து, கையைக் கட்டச் சொல்லி, விநாடிகளைக் குறித்துக்கொண்டு, அந்த ஒரு பக்கத் தாளை அனுப்பினால் போதும்.

உட்காருகிற முதல் ஆளாக யார் இருப்பது என்பதுதான் பாக்கி. இதைப் படித்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு திரையின் மூலையைப் பாருங்கள். பேட்டரி எத்தனை சதவீதம்?